முதல் ஃபேர்வே வுட்: மூன்றாம் நம்பரை எடுக்காதீர்கள்

என் பட்டறைச் சுவரில் ஸ்பானர்கள் தொங்கும் ஆணிகளுக்கு நடுவே ஒரு கோல்ஃப் ஸ்டிக்கும் தொங்குகிறது. மூன்றாம் நம்பர் ஃபேர்வே வுட், 15 டிகிரி, ஸ்டிஃப் ஷாஃப்ட் (அதிகம் வளையாத கம்பி). புதிதாக இருபத்தாறாயிரம் கொடுத்து வாங்கியது. ஏழு மாதம் பையில் சுமந்தேன். அந்த ஏழு மாதத்தில் தரையிலிருந்து ஒழுங்காக எழும்பிய பந்துகளை எண்ண இரண்டு கை விரல்கள் போதும்.

நான் கோயமுத்தூர்க்காரன். பம்புக்கான பாகங்கள் செய்து கொடுக்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் செட்டிபாளையத்தில் இருக்கிற கோல்ஃப் கிளப்புக்கு வற்புறுத்தி அழைத்துப் போனார். அப்போது எனக்கு 46 வயது. போனவன் மாட்டிக்கொண்டேன். இரண்டு வருஷம் ஆகிறது. இன்னமும் கற்றுக்குட்டிதான். ஆனால் ஃபேர்வே வுட் வாங்குவதில் செய்யக்கூடிய தப்பையெல்லாம் செய்து முடித்துவிட்டேன் என்பதால், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சொல்ல உரிமை இருக்கிறது.

அந்த மூன்றாம் நம்பரை வாங்கியது வேறு ஊரில், குளிர்சாதன வசதி போட்ட ஒரு கடையில். பச்சைப் பாயின் மேல் பந்தை வைத்து, எதிரே திரையில் கடலோரக் கோல்ஃப் மைதானம் ஒன்றைக் காட்டினார்கள். பத்தில் ஏழு பந்து நன்றாகப் போனது. திரையில் 190 யார்டு, 195 யார்டு என்று எண்கள் விழ விழ எனக்குத் தலைகால் புரியவில்லை. பில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த ஞாயிறு நிஜப் புல்லில் அடித்தேன். பந்து தரையோடு தரையாக ஓடிப்போய் ஐம்பது யார்டில் நின்றது. அடுத்ததில் பந்துக்கு நாலு விரற்கடை பின்னால் மண்ணைக் கொத்தினேன். மூன்றாவது, வலப்பக்கம் வேலியைப் பார்த்துப் போனது. என் கேடி (நம்மூரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டு, இவர் அப்படிப்பட்டவர் இல்லை, முப்பது வருஷமாக அடுத்தவர் பையைச் சுமக்கிற மனிதர்) சில வாரம் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டார்:

“சாருங்க, இந்தக் கட்டைய வீட்லயே வெச்சுட்டு வந்துருங்க. பந்து பாவமுங்க.”

“ஏனுங்கண்ணா, ஸ்டிக்கு நல்ல ஸ்டிக்குதானே?”

“ஸ்டிக்கு நல்ல ஸ்டிக்குதானுங்க. உங்களுக்கு இல்லீங்க.”

அவர் சொன்ன அந்த இரண்டாவது வரியின் விளக்கம்தான் கீழே இருப்பதெல்லாம்.

முதலில் இந்த ஸ்டிக் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். டிரைவர் என்பது டீயின் மேல் (பந்தைத் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்துகிற சின்னக் குச்சி, குடிக்கிற டீ இல்லை) பந்தை வைத்து அடிப்பது. அயர்ன் என்பது புல்லிலிருந்து, ஓரளவு தூரத்துக்கு. நடுவே ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது: பார் ஐந்து குழியில் (ஐந்து அடியில் முடிக்க வேண்டிய குழி) இரண்டாவது அடி, நீளமான பார் நான்கு குழியில் டிரைவர் சரியாக விழாதபோது அடுத்த அடி. அங்கே தூரமும் வேண்டும், பந்து கிடப்பதோ புல்லில். அதற்குத்தான் ஃபேர்வே வுட்; ஃபேர்வே என்பது குழிக்குப் போகும் வழியில் புல்லைக் குட்டையாக வெட்டிய பாதை. பெயரில்தான் மரம், இப்போது உள்ளே மரம் எதுவும் கிடையாது. பெர்சிமன் என்ற மரத்தில் கடைந்த தலைகள்தான் நெடுங்காலம் இருந்தன. 1979இல் கேரி ஆடம்ஸ் தொடங்கிய டெய்லர்மேட் கம்பெனி எஃகுத் தலையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு மரம் மெல்ல மறைந்தது. இப்போதைய தலைகளில் நிறைய 17-4 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வார்ப்பு. எங்கள் ஊர் ஃபவுண்டரிகளுக்குப் பழக்கமான ரகம்தான். அதனாலோ என்னவோ, முதல் நாளே அந்தத் தலையின் மேல் எனக்கு ஒரு பாசம்.

நம்பர் விஷயத்துக்கு வருவோம். மூன்றாம் நம்பர் சுமார் 15 டிகிரி சாய்வு (பந்தில் படுகிற முகம் பின்னால் சாய்ந்திருக்கும் அளவு), ஐந்தாம் நம்பர் 18 அல்லது 19, ஏழாம் நம்பர் 21 வாக்கில், ஒன்பதாம் நம்பர் 24 வாக்கில். ஒரு கம்பெனியின் ஐந்து இன்னொரு கம்பெனியின் நான்கரை மாதிரி இருக்கும். அதனால் நம்பரைப் பார்க்காதீர்கள். தலையின் அடியிலோ கழுத்திலோ பொறித்திருக்கும் டிகிரியைப் பாருங்கள். ஸ்டிக்கின் நீளமும் நம்பரோடு மாறும். மூன்றாம் நம்பர் 43 அங்குலம் என்றால் ஏழாம் நம்பர் ஓர் அங்குலமாவது குட்டையாக இருக்கும். ஓர் அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். தென்னை மட்டை பேட்டில் கிரிக்கெட் ஆடியவர்களுக்குத் தெரியும், மட்டை குட்டையாக இருந்தால் பந்து நடுவில் படும்.

என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிரைவரில் நீங்கள் அடிக்கும் பந்து காற்றிலேயே இருநூறு யார்டைத் தாண்டி விழவில்லை என்றால் மூன்றாம் நம்பர் உங்களுக்கு வேண்டாம். ஏழாம் நம்பர் வாங்குங்கள். கொஞ்சம் வேகமாகச் சுழற்றுகிறவர் என்றால் ஐந்தாம் நம்பர். அவ்வளவுதான். இதற்கு மேல் படிக்க நேரமில்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம்.

ஏன் என்று கேட்பவர்களுக்கு என் வெர்னியர் காலிப்பர் பதில் சொல்லும். கேடி அண்ணன் சொன்ன அன்று மாலை பட்டறைக்கு ஸ்டிக்கை எடுத்துவந்து அளந்தேன். கோல்ஃப் பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆக, கெட்டித் தரையில் கிடக்கிற பந்தின் மையம் தரையிலிருந்து 21 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. பந்து எழும்ப வேண்டுமானால் ஸ்டிக் தலையின் எடை மையம் அந்த 21 மில்லிமீட்டருக்குக் கீழே புகுந்து வர வேண்டும். என் மூன்றாம் நம்பரின் முகம் 39 மில்லிமீட்டர் உயரம். உயரமான முகம் என்றால் எடையும் அதோடு மேலே ஏறி நிற்கும். டீயின் மேல் வைத்த பந்துக்கு அது சரி, அங்கே கீழே இடம் இருக்கிறது. தரையில் கிடக்கிற பந்துக்கு? சர்ஃபேஸ் பிளேட்டின் (பட்டறையில் அளவெடுக்கிற சமதளப் பலகை) மேல் பந்தையும் தலையையும் பக்கத்தில் வைத்துக் குனிந்து பார்த்தேன். முகத்தின் நடுப்புள்ளிக்கும் பந்தின் நடுப்புள்ளிக்கும் உயரத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. ஒரு மயிரிழை மேலே தூக்கி அடித்தால் பந்தின் வயிற்றில் வெட்டு விழும். பந்து ஓடும்.

அடுத்த வாரம் இன்னொரு உறுப்பினரின் பழைய ஏழாம் நம்பரை இரவல் வாங்கி அதையும் அளந்தேன். முகம் 33 மில்லிமீட்டர். ஆறு மில்லிமீட்டர் குறைவு. பட்டறைக்காரனுக்கு ஆறு மில்லிமீட்டர் என்பது ஒரு உலகம். அதன் மேல்மூடி கார்பன் ஃபைபர், லேசு. அடியில் பின்பக்கமாக டங்ஸ்டன் கட்டி ஒன்றைப் பதித்திருந்தார்கள். டங்ஸ்டன் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். கனத்தை எல்லாம் கீழேயும் பின்னாலும் தள்ளி வைத்துவிட்டால் பந்து தானாக மேலே கிளம்பும். விளம்பரத்தில் பெரிய பெரிய வார்த்தை போட்டு எழுதுவதன் சாரம் இதுதான்.

உங்களிடம் வெர்னியர் இருக்காது, பரவாயில்லை. கடையில் ஒரு பந்தை வாங்கி, மேஜை மேல் வைத்து, ஸ்டிக் தலையை அதன் பக்கத்தில் மேஜையோடு பொருந்த வையுங்கள். கண்ணைப் பந்தின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். பந்தின் உச்சி முகத்தின் மேல் விளிம்புக்கு மேலே தெளிவாக எட்டிப் பார்க்கிறதா? அது தரைக்கு ஏற்ற ஸ்டிக். பந்தும் முகமும் ஒரே உயரத்தில் நிற்கிறதா? அது டீக்கு ஏற்றது. அப்புறம் தலையைத் திருப்பிக் கட்டைவிரலால் அடிப்பாகத்தைத் தடவுங்கள். முன் விளிம்பு கத்தி மாதிரி இல்லாமல் உருண்டிருந்தால் நல்லது. நாம் எப்படியும் பந்துக்குப் பின்னால் கொஞ்சம் தரையைத் தொடுவோம். உருண்ட விளிம்பு வழுக்கிக்கொண்டு போகும், கத்தி விளிம்பு மண்ணுக்குள் இறங்கும்.

சரி, கடையில் என்னை ஏமாற்றியது எது? கடைக்காரர் இல்லை. அந்தப் பாய். செயற்கைப் பாயில் பந்துக்கு இரண்டு விரற்கடை பின்னால் அடித்தாலும் தலை பாயின் மேல் சறுக்கிப் போய்ப் பந்தைச் சேர்ந்துவிடும். சத்தம்கூடக் கொஞ்சம்தான் மாறும். திரையில் 180 காட்டும். அதே அடியை மார்ச், ஏப்ரலில் இறுகிப்போன நம்மூர் ஃபேர்வேயில் அடித்துப் பாருங்கள்; தலை தரையில் மோதித் துள்ளி பந்தின் நடு வயிற்றில் படும். மழைக்குப் பிறகு ஈர மண்ணில் என்றால் தலை புதைந்து நிற்கும். அதனால் ஒரே நிபந்தனை: புல்லில் அடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கடையில் டெமோ ஸ்டிக் கொடுத்தனுப்புவார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கிளப்பில் கூட ஆடுகிறவர்களிடம் இரவல் கேளுங்கள். கோல்ஃப் ஆடுகிறவர்கள் தங்கள் ஸ்டிக்கைப் பற்றிப் பேசக் கிடைக்கும் வாய்ப்பை விடவே மாட்டார்கள், நீங்கள் கேட்டதும் நாலு ஸ்டிக்கை நீட்டுவார்கள்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். ஐந்தாம் நம்பர் ஒன்று, ஏழாம் நம்பர் ஒன்று. ஒவ்வொன்றிலும் பத்துப் பந்து. டீ வேண்டாம். பந்தைக் கையால் நல்ல புல் பார்த்து நட்டுவைக்காதீர்கள்; இடுப்பளவிலிருந்து கீழே விடுங்கள், விழுந்த இடத்திலேயே அடியுங்கள். மிக நீளமாகப் போன பந்தை எண்ணாதீர்கள். எத்தனை பந்து எழும்பியது என்று மட்டும் எண்ணுங்கள். எனக்குக் கிடைத்த கணக்கு: மூன்றாம் நம்பரில் பத்துக்கு இரண்டு, ஐந்தில் ஐந்து, ஏழில் எட்டு. மூன்றாம் நம்பரில் எழும்பிய அந்த இரண்டும் ஏழாம் நம்பரைவிடப் பத்து, பன்னிரண்டு யார்டு கூடுதலாகப் போனது உண்மைதான். மீதி எட்டும் எங்கே போனது என்பதைக் கேடி அண்ணனிடம்தான் கேட்க வேண்டும். அவர்தான் தேடியவர்.

பந்து முகத்தில் எங்கே படுகிறது என்பதையும் பாருங்கள். இதற்குக் காசு கொடுத்து ஸ்டிக்கர் விற்கிறார்கள், தேவையில்லை. பள்ளிக்கூடத்து ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தில் ரூபாய் நாணய அளவு ஒரு வட்டம் தீட்டி, அந்தப் பக்கம் முகத்தைப் பார்க்கிற மாதிரி வைத்து அடியுங்கள். முகத்தில் கறுப்புப் பொட்டு விழும். துடைத்துவிட்டு அடுத்தது. என் மூன்றாம் நம்பரில் பொட்டெல்லாம் அடி விளிம்பிலேயே விழுந்து கிடந்தது. ஏழாம் நம்பரில் நடுவுக்குச் சற்றுக் கீழே, ஒரு கொத்தாக. அந்தக் கொத்தைப் பார்த்த நிமிஷமே முடிவெடுத்துவிட்டேன்.

ஏழாம் நம்பர் வைத்திருந்தால் கிளப்பில் சிலர் சிரிப்பார்கள். வயசானவர்களுக்கானது, பெண்களுக்கானது என்பார்கள். சிரிக்கட்டும். 2020 மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயித்த டஸ்டின் ஜான்சன் பையில் ஏழாம் நம்பர் வுட் இருந்தது. பந்தை விண்ணுக்கு அடிக்கிற அந்த மனிதருக்கே அது தேவைப்பட்டது. இன்னும் பின்னால் போனால் 1935. அதே மாஸ்டர்ஸில் ஜீன் சாரசன் பதினைந்தாவது குழியில் 235 யார்டு தூரத்திலிருந்து நான்காம் நம்பர் வுட்டால் நேரே குழிக்குள் போட்டார். பார் ஐந்து குழி இரண்டே அடியில் முடிந்தது. மூன்று அடி முன்னிலையில் இருந்தவரை ஒரே அடியில் எட்டிப் பிடித்து, மறுநாள் பிளேஆஃபில் ஜெயித்தார். தோற்றவர் பெயர் கிரெய்க் வுட் என்பது தனி வேடிக்கை.

ஏழாம் நம்பருக்கு ஒரு குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பந்து உயரமாகப் போகும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் எங்கள் ஊரில் ஆடினால் இதன் விலை தெரியும். எதிர்காற்றில் பந்து மேலே போய் நின்று, யோசித்து, கிட்டத்தட்ட கிளம்பிய இடத்துக்கே இறங்கி வருவது மாதிரி இருக்கும். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் ஐந்தாம் நம்பர் இருந்தால் தேவலை என்று தோன்றும். எப்போதும் காற்று வீசும் இடத்தில் ஆடுகிறவர்கள் ஐந்தையே முதலில் யோசியுங்கள். மற்றவர்கள் காற்றுக் காலத்தில் ஸ்டிக்கை ஓர் அங்குலம் கீழே பிடித்து, முக்கால் வீச்சில் அடித்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

ஹைப்ரிட் (அயர்னுக்கும் வுட்டுக்கும் நடுவாந்திரமான ஸ்டிக்) வாங்கலாமா என்றும் கேட்பீர்கள். பந்து அடிக்கடி நீளப் புல்லுக்குள் போகிறது என்றால் ஹைப்ரிட் நல்லது. சின்னத் தலை, புல்லை வகுந்துகொண்டு வரும். ஃபேர்வேயிலிருந்து உயரமாகவும் மெத்தென்றும் இறக்க வுட்தான் என் தேர்வு.

ஷாஃப்டில் நான் செய்த தப்பு சுத்த வீம்பு. கடைக்காரர் ரெகுலர் (ஸ்டிஃபைவிட நன்றாக வளைவது) எடுங்கள் என்றுதான் சொன்னார். நான் என் புஜத்தைப் பார்த்துவிட்டு ஸ்டிஃப் எடுத்தேன். பட்டறையில் முப்பது கிலோ வார்ப்பைத் தூக்குகிறவனுக்கு ரெகுலரா என்று நினைப்பு. கையில் பலம் இருப்பதால் மட்டும் வீச்சு வேகம் வந்துவிடாது. மெதுவாகச் சுழற்றுகிறவர் கையில் ஸ்டிஃப் ஷாஃப்ட் வளையாமல் வரும். முகம் திறந்தபடியே பந்தைச் சந்தித்து வலப்பக்கம் தள்ளிவிடும். டிரைவரில் இருநூறு யார்டுக்குள் என்றால் ரெகுலர், அதிலும் நிறையக் குறைவு என்றால் இன்னும் வளைகிற சீனியர். இந்தப் பெயர்களுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு எதுவும் கிடையாது என்பதால் அடித்துப் பார்த்துத்தான் தெரிய வேண்டும். கிராஃபைட் ஷாஃப்டே எடுங்கள், எடை 50, 60 கிராம் வாக்கில் இருந்தால் போதும். என் மச்சினி போன வருஷம் ஆட ஆரம்பித்தாள். அவளுக்கு ஏழாம் நம்பரும் கனமாகப் பட்டது. 24 டிகிரி ஒன்பதாம் நம்பர், லேடீஸ் ஷாஃப்ட் எடுத்தாள். இப்போது பார் ஐந்து குழிகளில் என்னைவிட முன்னால் நின்று காத்திருக்கிறாள்.

கழுத்தில் திருகு வைத்து டிகிரியை மாற்றுகிற மாடல்களுக்கு முதல் ஸ்டிக்கில் பணம் போடாதீர்கள். சாய்வைக் கூட்டினால் முகம் மூடிக்கொள்ளும், குறைத்தால் திறந்துகொள்ளும். நமக்கு ஏற்கனவே இருக்கிற குழப்பம் போதும்.

பணம். புதிய பிராண்டட் ஸ்டிக்குக்குக் கொடுக்கிற காசில் மூன்று பழைய ஸ்டிக் வாங்கலாம். ஐந்தாறு வருஷம் பழைய மாடலுக்கும் இந்த வருஷ மாடலுக்கும் நம் கையில் பெரிய வித்தியாசம் தெரியாது. நான் ஏழாம் நம்பரை எட்டாயிரத்து ஐந்நூறுக்குப் பழசாக வாங்கினேன். வாங்கும்போது பார்க்க வேண்டியவை: முகத்தில் தலைமுடி மாதிரி மெல்லிய கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்; நகத்தை ஓட்டினால் தட்டுகிறது என்றால் அது விரிசல், வேண்டாம். மேல்மூடியில் பெயிண்ட் கீறல் இருந்தால் கவலையில்லை, பார்க்கத்தான் அசிங்கம், அதைச் சொல்லியே ஐந்நூறு குறையுங்கள். தலையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே கலகலவென்றால் உள்பசை உடைந்து உருள்கிறது. கழுத்தும் கம்பியும் சேருமிடத்தில் கறுப்பு வளையம் மேலே நகர்ந்திருந்தால் பசை தளர்ந்திருக்கலாம். தலையை ஒரு கையிலும் கம்பியை ஒரு கையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். போலி ஸ்டிக்குகளும் நிறையச் சுற்றுகின்றன. எழுத்து சற்றே கோணலாக, சாயம் பிசிறாக, விலை நம்ப முடியாத அளவு மலிவாக இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். வார்ப்பு வேலை தெரிந்த எனக்கே ஒன்றைக் கண்டுபிடிக்க முழுசாகப் பத்து நிமிஷம் ஆனது.

பழசு வாங்கினால் கிரிப்பை மட்டும் உடனே மாற்றுங்கள். முந்தையவர் கை வியர்வை குடித்துப் பளபளவென்று இறுகிப்போன ரப்பரை வைத்துக்கொண்டு நம்மூர் வெயிலில் ஆடினால் ஸ்டிக் கையிலிருந்து நழுவும். நழுவாமலிருக்க இறுக்கிப் பிடிப்போம். இறுக்கிப் பிடித்தால் பந்து எழும்பாது. என் பழைய கிரிப்பை நானே பிளேடால் கிழித்து, பெட்ரோல் நனைத்து ஒட்டுநாடாவைச் சுரண்டி, புதியதை மாட்டினேன். முதல் தடவை கோணலாக நின்றது. இரண்டாம் தடவை சரி.

காரின் டிக்கியில் ஸ்டிக்குகளைப் போட்டுவைக்காதீர்கள். சித்திரை வெயிலில் மூடிய டிக்கி அடுப்பு மாதிரி. தலையையும் கம்பியையும் பிடித்து நிற்கிற எபாக்சி பசை சூட்டில் இளகும். என் ஏழாம் நம்பர் வீட்டு வாசலில், குடை சாத்திவைக்கிற மூலையில் நிற்கிறது. அம்மா ஒருநாள் அதைக் கைத்தடி என்று நினைத்து எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

மூன்றாம் நம்பரை விற்கவில்லை. போன மாதம் கேடி அண்ணன் பட்டறைக்கு ஒரு வேலையாக வந்தவர் சுவரைப் பார்த்தார், சிரித்தார். “அங்கியே இருக்கட்டுங்க சாரு” என்றார். அப்புறம் டீ குடிக்கும்போது, டிரைவர் இருநூறைத் தாண்டினால் டீயில் வைத்து அடித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். நேற்று 194.